எம்டிஆர் டிபிக்கு 6 மாசமா, 9 மாசமா, 18 மாசமா: எங்க வீட்ல எப்படி முடிவு பண்ணோம்

சித்தி பையனுக்கு, அதாவது என் தம்பிக்கு, எம்டிஆர் டிபி, முக்கியமான மருந்துக்கு மசியாத டிபி. சித்தி போன் பண்ணி கேட்டது ஒரே கேள்விதான். "கண்ணு, டாக்டர் மூணு வழி இருக்குன்னு சொல்றாரு, எது சீக்கிரம் முடியுமோ அதையே எடுத்துக்கலாம்ல?" நான் உடனே பதில் சொல்லல, ரிப்போர்ட் எல்லாத்தையும் வாட்சப்ல அனுப்பச் சொன்னேன், அப்புறம் தம்பிகிட்டயே பேசறேன்னு சொன்னேன். அன்னைக்கு ராத்திரில இருந்து ஒரு வாரம் நாங்க பேசினதைத்தான் இங்க எழுதறேன். இதே கேள்வியோட உக்காந்திருக்கிற வீடு நிறைய இருக்கும். 2023-ல மட்டும் உலகத்துல சுமார் 4 லட்சம் பேருக்கு இந்த மருந்துக்கு மசியாத டிபி வந்திருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் கணக்கு சொல்லுது, அதுல நாலுல ஒரு பங்குக்கு மேல நம்ம நாட்டுல.

சித்தி பையன் திருப்பூர்ல பனியன் கம்பெனில பேட்லாக் டெய்லர், வயசு 29. மூணு மாசமா இருமல், ராத்திரில பனியன் நனையற அளவு வேர்வை, 58 கிலோ இருந்தவன் 49-க்கு வந்துட்டான். அவன் பஞ்சு தூசின்னு நினைச்சு சிரப் குடிச்சுட்டே ஒன்றரை ஷிப்ட் பாத்திருக்கான். கடைசில சளி டெஸ்ட் குடுத்தப்போ சிபிநாட் மெஷின்ல ரெண்டு விஷயம் ஒண்ணா வந்துச்சு, டிபி இருக்கு, ரிஃபாம்பிசின்ங்கற முக்கியமான டிபி மருந்து அதுக்கு வேலை செய்யாது. மறுபடி சளி எடுத்து, வேற எந்த மருந்துக்கெல்லாம் கிருமி பழகியிருக்குன்னு பாக்கிற எல்பிஏ டெஸ்டுக்கு அனுப்பினாங்க, அதுல ஐசோனியாசிட்ங்கற இன்னொரு முக்கிய மருந்தும் வேலை செய்யாதுன்னு வந்துச்சு, ஆனா லீவோஃப்ளாக்சசின் குடும்பத்து மருந்துக்கு இன்னும் கேக்குது. இந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம், கீழ சொல்றேன்.

என்னை ஏன் கேட்டாங்கன்னா எனக்கும் இதே எம்டிஆர் வந்துச்சு, 2013 கடைசில. அப்போ வழி ஒண்ணே ஒண்ணுதான். முதல் ஆறேழு மாசம் கனாமைசின் ஊசி, ஞாயித்துக்கிழமை தவிர எல்லா நாளும், இன்னைக்கு இடது இடுப்பு நாளைக்கு வலது இடுப்புன்னு மாத்தி மாத்தி, ரெண்டு பக்கமும் கல்லு மாதிரி கட்டி விழுந்து சாய்ஞ்சு உக்கார முடியாம போயிடும். அதோட மாத்திரை அஞ்சு வகை. ஊசி முடிஞ்சப்புறம் இன்னும் 18 மாசம் மாத்திரை மட்டும். எத்தியோனமைட் போட்ட அரைமணி நேரத்துல வாயில ஒரு உலோக வாசம் ஏறி வாந்தி வரும், அம்மா பக்கத்துல பிளாஸ்டிக் வாளியோட நிப்பாங்க, வாந்தில மாத்திரை வெளிய வந்துருச்சான்னு பாப்பாங்க.

நாலாவது மாசத்துல ஒரு நாள் அம்மா சமையக்கட்டுக்குள்ள ஓடி வந்து அடுப்ப அணைச்சாங்க, "குக்கர் எட்டு விசில் வந்துருச்சு, பக்கத்துலயே நிக்கற, கேக்கலையா?"ன்னு கேட்டாங்க. எனக்கு ஒரு விசில் கூட கேக்கல. அப்படித்தான் எனக்குத் தெரிஞ்சுது. நான் ஊசி போட்ட இடத்துல ஒரு தடவை கூட காது டெஸ்ட் எடுக்கச் சொல்லல, காதுக்குள்ள கொய்ங்னு சத்தம் வருதுன்னு நான் சொன்னப்பவும் சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாங்க. டிபி போயிருச்சு, உயிரோட இருக்கேன், அதுக்கு நன்றி இருக்கு. ஆனா சன்னமான சத்தம் எதுவும் அதுக்கப்புறம் கேக்கறதில்ல, குருவிச் சத்தம், குழந்தைங்க குசுகுசுன்னு பேசறது, எதுவும். அதனால யாராவது "எது சீக்கிரம்?"னு கேட்டா எனக்கு முதல்ல தோணறது வேற கேள்வி: எந்த மருந்து உடம்புல எதைத் தொடும், அதை முன்னாடியே கண்டுபிடிக்க வழி இருக்கா?

இந்த நோய் ஏன் இப்படி முரண்டு பிடிக்குதுன்னு தம்பிக்குப் புரிய வச்சுட்டுத்தான் மத்ததைப் பேசினேன். நுரையீரல்ல ஒரு குழி விழுந்துச்சுன்னா அதுக்குள்ள பத்து கோடி, நூறு கோடி கிருமி இருக்கும். கிருமி ரெண்டா பிரியும்போது தற்செயலா எழுத்துப்பிழை மாதிரி ஒரு மாற்றம் வரும், பத்து லட்சத்துல ஒண்ணுக்கு ஐசோனியாசிட் பிடிக்காது, பத்து கோடில ஒண்ணுக்கு ரிஃபாம்பிசின் பிடிக்காது. ஒரே மருந்தை மட்டும் குடுத்தா மத்ததெல்லாம் செத்து அந்த ஒண்ணு மட்டும் பெருகி மறுபடி குழி நெறைஞ்சுரும். 1940கள்ல ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதுசுல இதுதான் நடந்துச்சு, பிரிட்டன்ல பண்ண சோதனைல முதல் ஆறு மாசம் நோயாளிங்க நல்லா தேறினாங்க, அஞ்சு வருஷம் கழிச்சுப் பாத்தா ஊசி போட்டவங்களுக்கும் போடாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லாம போச்சு. அதனாலதான் டிபிக்கு எப்பவும் கூட்டு மருந்து. தம்பிக்குள்ள இருக்கிற கிருமி முக்கியமான ரெண்டு மருந்துக்கு ஏற்கனவே பழகிருச்சு, அது அவன் தப்பும் இல்ல, ஏன்னா இப்பெல்லாம் இந்த மாதிரி கிருமியே நேரா காத்துல ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்கு வருது, முன்னாடி டிபி மருந்தே சாப்பிடாதவனுக்கும் வரும்.

சரி, அந்த மூணு வழிக்கு வரேன். முதல்ல ஒண்ணு, இது கடையில மூணு சட்டைல ஒண்ணு எடுக்கற மாதிரி இல்ல, ரிப்போர்ட், ஈசிஜி, ரத்த டெஸ்ட் பாத்து டாக்டர்தான் எது பொருந்தும்னு சொல்வாரு. ஆனா பொருந்தறது ஒண்ணுக்கு மேல இருந்தா நம்மளையும் கேப்பாங்க, கேக்கலைன்னா நாம கேக்கணும்.

6 மாச கோர்ஸ். பிபால்எம்னு சொல்றாங்க, நாலு மருந்து: பெடாகுயிலின், ப்ரெட்டோமானிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின். இதுல கடைசி மருந்து லீவோஃப்ளாக்சசின் குடும்பத்துது, அதனாலதான் ரிப்போர்ட்டோட கடைசி வரி முக்கியம்னு சொன்னேன். ஊசியே இல்ல, 26 வாரம். மொத ரெண்டு வாரம் பெடாகுயிலின் தினம் நாலு மாத்திரை, அதுக்கப்புறம் வாரத்துக்கு மூணு நாள் மட்டும் ரெண்டு ரெண்டு. மத்த மூணும் தினம் ஒண்ணு ஒண்ணு. கூட பைரிடாக்சின் விட்டமின். தம்பி இதைக் கேட்டுட்டு "அவ்வளவுதானாக்கா?"ன்னான். நான் முன்னாடி தினம் தட்டுல கொட்டி எண்ணின மாத்திரைய நினைச்சா எனக்கே நம்ப முடியல.

இதுல பெடாகுயிலின் 2012 டிசம்பர்ல அமெரிக்கால அனுமதி வாங்கினது, அதுக்கு முன்னாடி நாப்பது வருஷத்துக்கு மேல டிபிக்குன்னு புதுசா ஒரு வகை மருந்தே வரல. கிருமி தனக்கு வேண்டிய சக்தியைத் தயார் பண்ற சின்ன மோட்டார் ஒண்ணு இருக்கு, அதுல போய் மாட்டிக்கும், ஓடற மோட்டாரை நிறுத்திரும், அதனால பெருகாம தூங்கிட்டிருக்கிற கிருமி கூட மெதுவா செத்துப்போகும். ப்ரெட்டோமானிட் 2019-ல வந்துச்சு, லாப நோக்கம் இல்லாத டிபி அலையன்ஸ் கொண்டு வந்தது, காத்து சரியா போகாத குழிக்குள்ள ஒளிஞ்சிருக்கிற கிருமியைப் பிடிக்கிறதுல இது கெட்டி.

வேலை செய்யுதாங்கற கேள்விக்கு பிராக்டிகல்ங்கற பேர்ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கால பண்ண சோதனைதான் பெரிய பதில். இந்த நாலு மருந்து எடுத்தவங்கள்ல 89% பேருக்கு நல்ல முடிவு, அப்போ வழக்கத்துல இருந்த நீளமான சிகிச்சைல 52%. இதை வச்சுதான் 2022 டிசம்பர்ல உலக சுகாதார நிறுவனம் இதை முதல்ல யோசிங்கன்னு சொல்லுச்சு, இந்தியால 2024 செப்டம்பர்ல மத்திய அரசு அனுமதிச்சாங்க. அரசு திட்டத்துல இலவசம்.

இதுல கஷ்டம் எங்கன்னா லினெசோலிட். இது கிருமியோட புரதத் தொழிற்சாலையை அடைக்கிற மருந்து. நம்ம செல்லுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் என்னைக்கோ ஒரு காலத்துல பாக்டீரியாவா இருந்ததுதான், அதுக்குள்ளயும் கிட்டத்தட்ட அதே மாதிரி தொழிற்சாலை, அதனால லினெசோலிட் அதையும் கொஞ்சம் அடைக்கும். அதிகமா சக்தி தேவைப்படற இடம் முதல்ல அடி வாங்கும், கால் நரம்பு, கண் நரம்பு, ரத்தம் உண்டாகிற எலும்பு மஜ்ஜை. பாதம் மரத்துப்போறது, ஊசி குத்தற மாதிரி எரிச்சல், ரத்தம் குறையறது, பார்வை மங்கறது எல்லாம் இதுனால.

முதல்ல தென்னாப்பிரிக்கால 109 பேர்கிட்ட பண்ண நிக்ஸ் சோதனைல தினம் 1200 மில்லிகிராம் குடுத்தாங்க, வேற வழியே இல்லாதவங்கள்ல 90% பேர் தேறினாங்க, ஆனா 81% பேருக்கு நரம்புத் தொந்தரவு வந்துச்சு. அப்புறம் ஜெனிக்ஸ் சோதனைல 600 மில்லிகிராமா குறைச்சு 26 வாரம் குடுத்துப் பாத்தாங்க, குணமாகிறது 91%-ல நின்னுச்சு, நரம்புத் தொந்தரவு 24%-க்கு எறங்கிச்சு. நம்ம சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் இன்னும் குறைச்சு, கொஞ்ச வாரம் கழிச்சு 300-க்கு எறக்கினா என்னாகும்னு பாத்தாங்க, அதுலயும் 90%-க்கு மேல நல்ல முடிவு. அளவும் நாளும் கூடக்கூடத்தான் இந்தத் தொந்தரவு கூடுது, இதை மனசுல வச்சுக்கங்க, 18 மாச கோர்ஸ் பத்தி பேசும்போது இது வரும்.

இங்கதான் தம்பி பயந்தான். அவன் கவலை நியாயமானது. பேட்லாக் மெஷின்ல கால் பெருவிரல் அழுத்தம்தான் வேகம், காலு மரத்துப் போனா பெடல் எவ்வளவு மிதிக்கிறோம்னு தெரியாது. விரல் நுனில துணி ரெண்டு மடிப்பா மூணு மடிப்பான்னு தடவிப் பாத்துத்தான் ஊசிக்குள்ள விடறான். அப்புறம் நூல். "நேவி கோனும் கறுப்பு கோனும் டியூப்லைட்ல எனக்கு ஒரு செகண்ட்ல தெரியும்க்கா, கலர் தெரியாம போனா என்னை செக்கிங்ல கூட வச்சுக்க மாட்டாங்க"ன்னான். நான் காதைக் குடுத்து உயிரை வாங்கினவ, அவன்கிட்ட "உயிரை விட கண்ணு பெருசா?"ன்னு நான் கேக்க மாட்டேன், அப்படி என்கிட்ட அப்போ சொன்னவங்கள நான் இன்னும் மறக்கல.

அதனால 9 மாச கோர்ஸ உண்மையாவே உக்காந்து பாத்தோம். இது 9ல இருந்து 11 மாசம். முதல் நாலு மாசத்துல, தேவைப்பட்டா ஆறு மாசம் வரைக்கும், ஏழு மருந்து: பெடாகுயிலின், லீவோஃப்ளாக்சசின், க்ளோஃபசிமின், பைராசினமைட், எத்தாம்புட்டால், அதிக டோஸ் ஐசோனியாசிட், எத்தியோனமைட். அப்புறம் அஞ்சு மாசம் நாலு மருந்து. இதுல லினெசோலிட் கிடையாது, அதான் கவர்ச்சி. ஸ்ட்ரீம் சோதனையோட ரெண்டாம் கட்டத்துல, இந்தியாவும் அதுல உண்டு, கிட்டத்தட்ட இதே மாதிரி வாய்வழி கோர்ஸ்ல 83% பேருக்கு நல்ல முடிவு. 89-ஐயும் 83-ஐயும் பக்கத்துல வச்சு கூட்டிக்கழிக்கக்கூடாது, வேற வேற சோதனை, வேற வேற ஆளுங்க, ஆனா ரெண்டுமே என் காலத்து ஊசி சிகிச்சையை விட எவ்வளவோ மேல.

ஆனா லினெசோலிட் இல்லைங்கறதால நரம்பு, கண்ணு ரெண்டும் பத்திரம்னு நினைக்கிறது தப்பு, இதை நாங்க பேசிப் பேசித்தான் புரிஞ்சுக்கிட்டோம். அதிக டோஸ் ஐசோனியாசிடும் நரம்பத் தொடும், எத்தாம்புட்டால் கண் நரம்பத் தொடும், சிவப்பு பச்சை கலர் குழப்பம் அதோட பழைய பேர்பெற்ற தொந்தரவு. பைராசினமைட்ல யூரிக் ஆசிட் ஏறி மூட்டு வலி. எத்தியோனமைட் பத்தி நான் சொல்லவே வேணாம், வாளி ஞாபகம் இருக்கு. க்ளோஃபசிமின் தோலைக் கருஞ்சிவப்பா ஆக்கும், மாத்திரை நிறுத்தின பிறகும் நிறம் போக பல மாசம் ஆகும். அதைவிட முக்கியம், இந்த கோர்ஸ்ல பாதி மருந்து பழைய மருந்து, அதுல எதுக்கெல்லாம் அவன் கிருமி பழகியிருக்குன்னு பாக்கணும், ஐசோனியாசிட் ரெசிஸ்டன்ஸ் எந்த ஜீன்ல வந்திருக்குங்கறதப் பொறுத்து எத்தியோனமைடும் சேந்து போயிடலாம், ரெண்டு ஜீன்லயும் இருந்தா இந்த கோர்ஸே குடுக்க மாட்டாங்க. ஏழு பேர் கொண்ட படைன்னு கேக்க நல்லா இருக்கு, அதுல ரெண்டு பேர்கிட்ட துப்பாக்கியே இல்லைன்னா?

எடை 49 கிலோ இருக்கிறவன் மாசக்கணக்கா வாந்தி எடுக்கிறதும் எனக்கு ஒத்து வரல. டிபில எடை ஏறறது மருந்து மாதிரியே முக்கியம். ஜார்க்கண்ட்ல பண்ண ரேஷன்ஸ் ஆய்வுல நோயாளி வீட்டுக்கு அரிசி பருப்பு எண்ணெய் பால்பவுடர்னு மாசாமாசம் குடுத்துப் பாத்தப்போ, ஆரம்பத்துலயே எடை ஏறினவங்க இறந்து போறது குறைஞ்சுது, வீட்ல இருக்கிற மத்தவங்களுக்கு டிபி வர்றதும் கிட்டத்தட்ட பாதியாச்சு. பெடாகுயிலின், ப்ரெட்டோமானிட் ரெண்டும் சாப்பாட்டோட எடுத்தாத்தான் உடம்புல நல்லா ஏறும், வெறும் வயித்துல போட்டா பாதி வீண். நான் சித்திகிட்ட சொன்னது, காலைல ரெண்டு முட்டை, நிலக்கடலை, இட்லின்னு வயிறு நெறைய குடுத்துட்டு அப்புறம்தான் மாத்திரை. அரசாங்கம் சத்துணவுக்கு மாசம் 1000 ரூபாய் நோயாளி பேங்க் கணக்குல போடறாங்க, 2024 நவம்பருக்கு முன்னாடி 500-ஆ இருந்துச்சு, பேங்க் பாஸ்புக் நகல் குடுக்க மறந்துறாதீங்க.

18ல இருந்து 20 மாச கோர்ஸ் பத்தி நிறைய எழுதல. லீவோஃப்ளாக்சசின், பெடாகுயிலின், லினெசோலிட், க்ளோஃபசிமின், சைக்ளோசெரின். தம்பி மாதிரி ஆளுக்கு இது முதல் தேர்வா இருக்க காரணமே இல்ல, ஏன்னா எந்த லினெசோலிடுக்கு பயந்தோமோ அது இதுலயும் இருக்கு, இன்னும் ரொம்ப மாசம், பின்னாடி டோஸ் குறைச்சாலும் கூட. சைக்ளோசெரின் மனசைக் கலக்கும், எனக்கு அது வேற ரூபத்துல வந்துச்சு, பஸ்ஸுல உக்காந்துட்டு காரணமே இல்லாம அழுவேன், யாரோ பின்னாடி நின்னு என்னைப் பத்தி பேசற மாதிரியே இருக்கும், அது மாத்திரை பண்ற வேலைன்னு யாரும் சொல்லாததால நான் பைத்தியமாயிட்டேன்னு நெனச்சேன்.

ஆனா சில பேருக்கு இந்த நீள கோர்ஸ்தான் சரி, அவங்க இதைப் படிச்சுட்டு மனசு விட்டுறக்கூடாது. மூளைல டிபி, எலும்புல டிபி, உடம்பு முழுக்க பரவினது, இதுக்கெல்லாம் 6 மாச கோர்ஸ் குடுக்கறதில்ல. முன்னாடியே பெடாகுயிலினோ லினெசோலிடோ ஒரு மாசத்துக்கு மேல சாப்பிட்டவங்களுக்கும் யோசிப்பாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, பால் குடுக்கிறவங்க, 14 வயசுக்கு கீழ இருக்கிற குழந்தைங்க, இவங்களுக்கு ப்ரெட்டோமானிட் இப்போதைக்கு குடுக்கறதில்ல. உங்க வீட்ல பொண்ணுங்களுக்கு எம்டிஆர்னா "கர்ப்பமா இருக்க வாய்ப்பிருக்கா"ன்னு டாக்டர் கேக்கும்போது கூச்சப்பட்டு இல்லைன்னு சொல்லிறாதீங்க, கோர்ஸே அதைப் பொறுத்துத்தான் மாறும். மனச்சோர்வுக்கு ஏற்கனவே மாத்திரை எடுக்கிறவங்களும் கண்டிப்பா சொல்லணும், லினெசோலிடோட அதுல சில மாத்திரை சேரவே சேராது.

இவங்களுக்காகவும் தேடல் நடந்துட்டுதான் இருக்கு. ப்ரெட்டோமானிட் இல்லாம பெடாகுயிலின், டெலமானிட், லினெசோலிட் இதெல்லாம் சேத்து ஒரு 6 மாச கோர்ஸை 2024-ல உலக சுகாதார நிறுவனம் ஏத்துக்கிட்டாங்க, அதுல குழந்தைங்க, கர்ப்பிணிங்க கூட உண்டு. சேத்துப்பட்டு நிறுவனம் நடத்தின பீட் இந்தியா ஆய்வும் அந்த வழில போனதுதான், 165 பேர், கொஞ்சம் முத்தின ரெசிஸ்டன்ஸ் உள்ளவங்க, 24ல இருந்து 36 வாரம், 91% நல்ல முடிவு. இன்னும் புதுசா குவாபோடெபிஸ்டாட், கான்ஃபெபோரோல், லினெசோலிட் மாதிரியே ஆனா தொந்தரவு கம்மியா இருக்குமான்னு பாக்கிற சுடெசோலிட்னு சோதனைல இருக்கு. தம்பி "அது வர்ற வரைக்கும் காத்திருக்கலாமா?"ன்னு கேட்டான். வேணவே வேணாம், குழி காத்திருக்காது, வீட்ல எட்டு வயசுல அண்ணன் பொண்ணு இருக்கு.

சித்திக்கு 6 மாசம் பிடிச்சதுக்கு காரணம் வேற. பொண்ணு பாத்து பேசி வச்சிருக்காங்க, தை மாசத்துக்குள்ள முடிஞ்சா யாருக்கும் தெரியாம போயிரும்னு. சித்திய நான் குறை சொல்லல, எனக்கு வந்தப்போ எங்கம்மா மாத்திரை டப்பாவை அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வச்சவங்க. ஆனா பொண்ணு வீட்ல சொல்லிட்டுத்தான் கல்யாணம்னு தம்பி உறுதியா சொல்லிட்டான், அதுல எனக்கு அவன்மேல மரியாதை கூடிருச்சு. அவனுக்கு இருந்த இன்னொரு பயம், யாரோ ப்ரெட்டோமானிட் சாப்பிட்டா குழந்தை பிறக்காதுன்னு சொல்லிருக்காங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னா எலிகளுக்கு அதிக அளவு குடுத்தப்போ விதைப்பை பாதிச்சது, அது உண்மை. ஆனா சோதனைகள்ல இந்த மருந்து எடுத்த ஆம்பளைங்களோட ஹார்மோன் அளவுகளைப் பாத்தப்போ அந்த மாதிரி பாதிப்பு தெரியல. இதையும் டாக்டர்கிட்ட நேரா கேக்கச் சொன்னேன், கேட்டான்.

ஆஸ்பத்திரில மாசக்கணக்கா படுக்கணுமான்னு சித்தி கேட்டாங்க. அந்தக் காலத்துல தாம்பரம் சானடோரியம் மாதிரி இடத்துல வருஷக்கணக்கா படுக்க வச்சதோட நினைப்பு. 1956-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச ஆய்வுதான் அதை மாத்துச்சு, நெருக்கடியான வீட்ல, பத்தாத சாப்பாட்டோட இருந்து மாத்திரை சாப்பிட்டவங்களும் சானடோரியத்துல பால் முட்டையோட இருந்தவங்க மாதிரியே குணமானாங்க, வீட்ல இருந்தவங்களுக்கும் அதனால கூடுதலா நோய் பரவல. எம்டிஆருக்கு ஆரம்பத்துல சில நாள் சேத்து ஈசிஜி, ரத்தம் எல்லாம் பாத்துட்டு அனுப்புவாங்க, அப்புறம் வீடுதான், ஜன்னல் திறந்த ரூமு, மாஸ்க்.

இன்னொண்ணு, இது மூணு கோர்ஸுக்கும் பொது, எனக்கு இதுதான் ராத்திரி தூக்கத்தைக் கெடுக்குது. பெடாகுயிலின் உடம்புல இருந்து முழுசா வெளிய போக ரொம்ப காலம் ஆகும், நிறுத்தி பல மாசம் கழிச்சும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். க்ளோஃபசிமின் தவிர மத்த மருந்து சில நாள்ல போயிரும். நடுவுல உடம்பு தேவலைன்னு ஒருத்தன் எல்லாத்தையும் நிறுத்தினான்னா பல மாசம் பெடாகுயிலின் கிட்டத்தட்ட தனியா, கொஞ்சமா, உள்ள ஓடிட்டிருக்கும், ஸ்ட்ரெப்டோமைசின் கதைதான் மறுபடி. அதுக்கும் கிருமி பழகிருச்சுன்னா க்ளோஃபசிமினும் சேந்து போற வாய்ப்பு உண்டு, அப்புறம் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். 6 மாசத்தோட உண்மையான பலம் எனக்கு இதுலதான் தெரியுது, பீஸ் ரேட்ல வேலை செய்யற ஒருத்தன் 26 வாரம் ஒழுங்கா சாப்பிடறது நடக்கற காரியம், 80 வாரம்னா எத்தனை தீபாவளி ஆர்டர், எத்தனை நைட் ஷிப்ட், எத்தனை ஊர் மாறுவான்.

இந்த மாத்திரை நம்ம கைக்கு வந்ததுக்கு பின்னாடி ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க, அதையும் தம்பிகிட்ட சொன்னேன். மும்பைல நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்கால பூமேசா டிசிலே, ரெண்டு பேரும் டிபில இருந்து பிழைச்சவங்க, ரெண்டு பேருக்கும் டிபி மருந்துனால காது போச்சு. பெடாகுயிலினோட காப்புரிமையை ஜான்சன் அண்ட் ஜான்சன் இன்னும் நீட்டிக்க கேட்டப்போ இவங்க 2019-ல எதிர்ப்பு மனு போட்டாங்க, 2023 மார்ச்ல இந்திய காப்புரிமை அலுவலகம் கம்பெனி கேட்டதை நிராகரிச்சுது, ஜூலைல பழைய காப்புரிமை முடிஞ்சதும் நம்ம ஊர் கம்பெனிங்களும் செய்ய வழி திறந்துச்சு. நான் அந்தச் செய்தியைப் படிச்ச அன்னைக்கு என் வலது காதைத் தொட்டுப் பாத்துக்கிட்டேன்.

கடைசில 6 மாச கோர்ஸ்னு முடிவாச்சு, டாக்டரும் அதைத்தான் முதல்ல சொன்னாரு. ஆனா கையெழுத்து போடறதுக்கு முன்னாடி தம்பி மூணு விஷயம் கேட்டு வாங்கினான். ஆரம்பிக்கிற அன்னைக்கே கலர் புள்ளிக்குள்ள நம்பர் கண்டுபிடிக்கிற அட்டைல கண் டெஸ்ட் எடுத்து எழுதி வைக்கணும், அப்பத்தான் பின்னாடி மாசாமாசம் ஒப்பிட முடியும். முதல் மாசம் ரத்த டெஸ்ட் அடிக்கடி, அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. கால் எரிச்சல் வந்தா லினெசோலிட் குறைக்கிறதுக்கோ கொஞ்ச நாள் நிறுத்தறதுக்கோ யாரைக் கூப்பிடணும்னு ஒரு போன் நம்பர். முதல் 9 வாரம் முழு டோஸ் போனப்புறம்னா குறைக்கிறதுக்கு இடம் இருக்குன்னு டாக்டர் சொன்னாரு, ஆனா தானா குறைக்கக்கூடாதுன்னும் சொன்னாரு. தண்ணி அடிக்கிறத அவன் அன்னையோட விட்டான், கல்லீரல் தாங்காது.

வீட்ல இருக்கிறவங்களுக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க, யாருக்கும் இல்ல. எம்டிஆர் நோயாளி கூட இருக்கிறவங்களுக்கு 6 மாசம் லீவோஃப்ளாக்சசின் தடுப்பு மருந்தா குடுக்கலாம்னு 2024-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லிருக்கு, அண்ணன் பொண்ணுக்கு அதைக் கேட்டிருக்கோம்.

இப்போ 15-வது வாரம். 49 கிலோ 55 ஆயிருக்கு, ரெண்டாம் மாசத்துல இருந்து கல்ச்சர்ல, அதாவது சளியை லேப்ல வளத்துப் பாக்கிற டெஸ்ட்ல, கிருமி வரல. 11-வது வாரம் ராத்திரில வலது பாதத்துல எறும்பு ஊறற மாதிரி இருக்குன்னு சொன்னான், மறுநாளே போன் பண்ணி போய்ப் பாத்தான், லினெசோலிட் 300 ஆக்கியிருக்காங்க. தினமும் காலைல மெஷின்ல உக்காந்து, கரண்ட் போடறதுக்கு முன்னாடி செருப்ப கழட்டி வெறுங்காலால பெடல்ல ஒரு தடவை மெதுவா மிதிச்சு, வரி வரியா இருக்கிற அந்த ரப்பர் விரலுக்குத் தெரியுதான்னு பாக்கறானாம். நேத்து தெரிஞ்சுதுன்னு மெசேஜ் போட்டிருந்தான்.